காற்று மாறினால் வண்டியை எடு

வானத்தில் பறக்கக் கற்றுக்கொடுக்கும் தொழிலில் பாதி நேரம் தரையில் உட்கார்ந்து நூல் சிக்கெடுப்பதிலேயே போய்விடும். மீதிப் பாதி, காற்று வருமா வராதா என்று தென்னை ஓலையை அண்ணாந்து பார்ப்பதில் போகும். கணவர் தொழிலில் சும்மா ஒரு கைக்கு உதவியாகப் போய் நின்று, அப்படியே நிரந்தரமாக மாட்டிக்கொண்ட சகோதரிகளுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மளிகைக் கடையோ, பட்டறையோ, பந்தல் வாடகையோ, எங்கும் கதை ஒன்றுதான். என் விஷயத்தில் பட்டறைக்குச் சக்கரம் இருக்கிறது, அவ்வளவே வித்தியாசம்.

என் கணவர் லியோ பாராமோட்டார் ஓட்டுகிறவர். பாராசூட் மாதிரி ஒரு பெரிய துணி இறக்கை, அதிலிருந்து கொத்துக் கொத்தாக நூல்கள், முதுகில் விசிறி வைத்த ஒரு மோட்டார். இதையெல்லாம் மாட்டிக்கொண்டு வயலில் கொஞ்ச தூரம் ஓடினால் மனிதன் மேலே போய்விடுவான். அதைப் பிறருக்குக் கற்றுக்கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. ஊர் ஊராகப் போக வேண்டியிருப்பதால், ஒரு பழைய கல்லூரிப் பேருந்தை வாங்கி, உள்ளே அடுப்பு, கட்டில், சின்னதாக ஒரு கழிப்பறை எல்லாம் வைத்து, வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அதிலேயே குடியேறினோம். வண்டி ஓட்டுவது, சமைப்பது, மகள் ஜெனிக்குப் பாடம் சொல்வது, இறக்கையை விரித்துப் பிடிப்பது எல்லாம் என் இலாகா. பறப்பது மட்டும் அவர் இலாகா.

கர்நாடகம், மகாராஷ்டிரம் என்று சுற்றிவிட்டு, இந்த வருடம் சம்பா அறுவடை முடிந்த கையோடு பாகூர் பக்கம் வந்தோம். வெட்டவெளியாகக் கிடக்கும் வயல் லியோவுக்கு வேண்டும். எனக்கு வேண்டியது வேறு. வில்லியனூருக்குப் பக்கத்தில்தான் என் பிறந்த வீடு. நாங்கள் வண்டியில் குடியேறிய நாளிலிருந்து அப்பா அதற்குள் கால் வைத்ததில்லை. வயலை மறுபடி உழுவதற்குள் அவரை உள்ளே உட்காரவைத்து ஒரு டம்ளர் காபி கொடுத்துவிட வேண்டும். அது ஒன்றுதான் என் வேண்டுதல்.

பால்காரரின் கோரிக்கை

எதிர்க்காற்றில் ஓடினால்தான் இறக்கை தூக்கும். ஓடுகிற வழியில் வண்டி நிற்கக் கூடாது. ஆகவே காற்று கிழக்கிலிருந்து வந்தால் வண்டி வயலின் மேற்குக் கோடியில் நிற்கும். மேற்கிலிருந்து வந்தால் கிழக்குக் கோடியில் நிற்கும். "காத்து மாறிடுச்சு, வண்டிய எடு!" என்று லியோ கத்தினால், கொதிக்கிற சாம்பாரை அப்படியே இறக்கி வைத்துவிட்டு நான் ஸ்டியரிங்குக்கு ஓட வேண்டும். நான் கைவேலையாக இருந்தால் அவரே ஏறிக் கிளப்பிவிடுவார். உள்ளே யார் நிற்கிறார்கள், எது கவிழும் என்றெல்லாம் பார்க்க மாட்டார். காற்று மாறிவிட்டால் அவருக்குக் குடும்பம் கண்ணில் படாது.

இப்படி நகர்ந்து நகர்ந்து நாங்கள் இழந்தவற்றில் முக்கியமானது செருப்பு. வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு ஏறுவோம், வண்டி கிளம்பிவிடும். செருப்புக்குப் பேர்போன கோலாப்பூரில் ஆசையாக வாங்கிய ஜோடியைக் கோலாப்பூரிலேயே விட்டுவிட்டு வந்தவள் நான். அதன் பிறகு புத்தி வந்து, கதவுக்கு உட்புறம் ஒரு பிளாஸ்டிக் கூடை வைத்தோம். யாராக இருந்தாலும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஏற வேண்டும்.

பாகூரில் எங்களுக்குப் பால் ஊற்ற வந்தவர் ஏழுமலை. முதல் நாள் மேற்குக் கோடியில் ஊற்றிவிட்டுப் போனார். மறுநாள் அதே இடத்துக்கு வந்து, அறுத்த நெல் தாள் மட்டும் நிற்கும் வயலைப் பார்த்துத் திகைத்து, கேனைத் தூக்கிக்கொண்டு கிழக்குக் கோடிக்கு நடந்தார். அதற்கடுத்த நாள் அவர் நேராகக் கிழக்குக்குப் போக, நாங்கள் மேற்கில் இருந்தோம். மூச்சு வாங்க வந்து நின்றவர் கோபப்படவில்லை. சொம்பில் பாலை ஊற்றிக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: "யக்கா, நாளைக்குக் காத்து எந்தப் பக்கம்னு மொத நாளே போன்ல சொல்லிடு. நான் காத்துக்கு ஏத்தாப்புல பால் ஊத்திக்கினு போறேன்."

வரப்பில் நிற்கும் மொபெட்

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் அம்மா மீன் குழம்போடு வருவார். கொண்டுவந்து விடுவது அப்பா. அவருடைய பழைய மொபெட் வரப்பு ஓரம் வந்து நிற்கும். அம்மா இறங்குவார். அப்பா ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி, இன்ஜினை அணைக்காமல் நிற்பார். அணைத்துவிட்டால் வந்ததாக அர்த்தமாகிவிடுமாம்.

அப்பா மின்துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகக் கல் இறக்கி, மணல் இறக்கி, வருடக்கணக்கில் ஒரு வீட்டைக் கட்டி முடித்தவர். அப்படிப்பட்டவருடைய மகள் இருந்த வாடகை வீட்டையும் விட்டுவிட்டுச் சக்கரத்தின் மேல் குடித்தனம் செய்தால் எப்படி இருக்கும்? அவர் என்னைத் திட்டியதே இல்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

முதல் ஞாயிறு நானே வரப்புக்குப் போய், "உள்ள வாப்பா, ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போ" என்று கூப்பிட்டேன். அவர் வண்டியைச் சக்கரத்திலிருந்து கூரைவரை ஒருமுறை பார்த்தார். பிறகு வாசல் படிக்குக் கீழே இருந்த மண்ணைப் பார்த்தார். "வூடுன்னா வாசல்ல ஒரு ஜோடி செருப்பாவது கெடக்கணும். அது வண்டிம்மா. வண்டில ஏறி ஒக்காந்துகினு நான் எந்த ஊருக்குப் போவப்போறேன்?"

துணி காயவைத்தவர்

சதீஷ் மண்ணாடிப்பட்டுக்காரர். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறார். கற்றுக்கொள்ள வந்த அன்றே தலைக்கவசம், கறுப்புக் கண்ணாடி, கையுறை, தலைக்கவசத்தின் மேல் கேமரா என்று முழு அலங்காரத்தோடு வந்து இறங்கினார். மாலைக்குள் மேலே போய்விடலாம் என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார் பாவம்.

எங்கள் பாடத்தில் முதலில் மோட்டாரே கிடையாது. இறக்கையை மட்டும் தரையில் விரித்து, காற்றில் தலைக்கு மேல் தூக்கி நிறுத்தப் பழக வேண்டும். தூக்கினால் இடது பக்கம் சாயும், இழுத்தால் வலது பக்கம் விழும், விட்டால் ஆளையே வரப்புவரை இழுத்துப் போகும். விழுந்தால் நூலெல்லாம் நெல் தாளில் மாட்டிக்கொள்ளும். எடுத்துவிட்டு மறுபடி விரிக்க வேண்டும். சதீஷ் நாள் கணக்கில் இதையே செய்தார். பக்கத்து வயலில் உளுந்து பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் குனிவதும் நிமிர்ந்து பார்ப்பதுமாக இருந்தார்கள்.

ஒரு சாயங்காலம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. அப்போதும் சதீஷ் இறக்கையை விரித்து மடித்துக்கொண்டிருந்தார். உளுந்துக் கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு கிளம்பிய ஒரு அம்மாள் வரப்பில் நின்று, உண்மையான அக்கறையோடு கேட்டார்: "இன்னா தம்பி, காலைலேந்து அந்த ஒரு பொடவையத்தானே காய வெக்கற? மழ வருது பாரு, வூட்டுக்கு எடுத்துக்கினு போயி கொடில போடு."

எந்த மந்திரிப்பு?

வண்டியை ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து மந்திரிக்காமல் விட்டது அம்மாவுக்குப் பெரிய குறை. பங்குச் சாமியாரைத் தானே போய் அழைத்து வந்துவிட்டார். ஃபாதர் தீர்த்தச் செம்போடும் ஜெபப் புத்தகத்தோடும் வந்து, வண்டியைச் சுற்றிப் பார்த்து, உள்ளே அடுப்பையும் கட்டிலையும் பார்த்து, புத்தகத்தைத் திறக்காமலே நின்றார். வீட்டு மந்திரிப்புக்கு ஒரு ஜெபம், வாகன மந்திரிப்புக்கு வேறு ஜெபம். இது எது?

நான் வரப்புப் பக்கம் பார்த்தேன். வீடு என்றால், பெண்ணைப் பெற்றவர் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பது எங்கள் குடும்ப வழக்கம். அப்பா அந்த நேரம் வரப்பில்தான் இருந்தார், மொபெட் புகை விட்டுக்கொண்டிருந்தது. அம்மா இங்கிருந்து கையை ஆட்டிக் கூப்பிட்டார். அப்பா அங்கிருந்து தலையை ஆட்டினார். வண்டி மந்திரிக்க மாமனார் எதற்கு என்று அந்த ஆட்டலுக்கு அர்த்தம்.

ஃபாதர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். முதலில் எல்லாச் சக்கரத்துக்கும் தீர்த்தம் தெளித்து, பிரேக்கும் பயணமும் நல்லபடியாக இருக்க வேண்டிக்கொண்டார். பிறகு உள்ளே ஏறி, அறை அறையாகப் போய்த் தெளிக்க வேண்டியதை நின்ற இடத்திலிருந்தே திரும்பித் திரும்பித் தெளித்து முடித்தார். மெழுகுவர்த்தியை ஜெனி பிடித்தாள். இறங்கும்போது ஃபாதர் என் காதோடு சொன்னார்: "ரெண்டு ஜெபமும் சொல்லிட்டேன்மா. எது பொருந்துதோ அத ஆண்டவரு எடுத்துக்குவாரு. ஒங்கப்பாவ மட்டும் நீதான் பாத்துக்கணும்."

மேலிருந்து பார்த்த வரப்பு

வயல்காரர் கோவிந்தசாமி எங்களுக்கு இடம் கொடுத்தபோது வாடகை எதுவும் கேட்கவில்லை. ஒரே ஒரு உபகாரம் கேட்டார். அவருக்கும் அவர் தம்பிக்கும் இடையில் ஒரு வரப்பு. தம்பி வருடா வருடம் மண்வெட்டியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி அதைத் தன் பக்கமிருந்து இந்தப் பக்கம் தள்ளிவிட்டான் என்பது அண்ணனின் நெடுநாள் புகார். கீழே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேலே போகிறவர் ஒரு போட்டோ எடுத்துக் கொடுத்தால் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வைத்துவிடலாம்.

லியோ காலைப் பறப்பில் அழகாக எடுத்து வந்தார். பெரிதாக்கிக் காட்டினோம். கோவிந்தசாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். வரப்பு வளைந்துதான் இருந்தது. நன்றாகவே வளைந்திருந்தது. ஆனால் வளைந்திருந்தது தம்பி வயலுக்குள். போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் ஒரு நோட்டம் விட்டுச் சொன்னார்: "சார்கிட்ட சொல்லி இந்தப் படத்த அழிச்சிடும்மா. மேலேந்து பாக்கறது ஒண்ணும் நல்ல பழக்கமா தெரியல."

பிரஷர் பார்க்காத வண்டி

செல்லிப்பட்டில் சதீஷின் மாமாவுக்கு ஆற்றோரம் ஒரு தரிசு நிலம் இருந்தது. ஒருநாள் அங்கே போனோம். ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, வெயிலுக்குப் பக்கவாட்டுத் துணிப் பந்தலை இழுத்துவிட்டு, நாலு பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டேன். லியோவும் சதீஷும் நிலத்துக்குள் போய்விட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் பார்த்தால் நாற்காலி நாலிலும் ஆள். பின்னால் வரிசை வேறு. சிலர் கையில் மாத்திரை அட்டை, ஒருவர் கையில் எக்ஸ்ரே கவர். வெள்ளை வண்டி, பந்தல், நாற்காலி என்றால் மருத்துவ முகாம் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. நான் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். பெரும்பாலானவர்கள் சிரித்துக்கொண்டு எழுந்தார்கள். முதல் நாற்காலியில் இருந்த பெரியவர் மட்டும் மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்காமல் உட்கார்ந்திருந்தார். வானத்தில் போய்க்கொண்டிருந்த லியோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பிரஷரும் பாக்க மாட்டேன்ற, சுகரும் பாக்க மாட்டேன்ற. பின்ன எதுக்கும்மா இம்மாம் பெரிய வண்டி?"

தோசை வாசனை

லியோவின் மோட்டாருக்கு வெறும் பெட்ரோல் ஆகாது. பழைய மொபெட்டுகளுக்கு ஊற்றுவதுபோல ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். வீடும் பட்டறையும் ஒன்றாக இருப்பதால் ஆயில் பாட்டிலும் நல்லெண்ணெய் பாட்டிலும் ஒரே அலமாரியில் இருந்தன. ஒரு விடியற்காலையில், எங்களை எழுப்ப வேண்டாமே என்று விளக்குப் போடாமல் கலந்துகொண்டு போன லியோ, வயலில் வைத்து மோட்டாரைக் கிளப்பிச் சோதித்தார். நல்லவேளை, முதுகில் மாட்டவில்லை. வெள்ளைப் புகை எழுந்தது. கூடவே, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எல்லா வீட்டிலிருந்தும் வருமே, அந்த வாசனை. தூக்கத்திலிருந்து எழுந்து வந்த ஜெனி, "அம்மா, தோசையா?" என்று கேட்டாள்.

அன்று முழுக்க டாங்கியைக் கழற்றிக் கழுவியதுதான் வேலை. நல்லெண்ணெய் அலமாரியிலேயே இருந்தது, ஆயில் வண்டிக்கு அடியில் உள்ள பெட்டிக்குக் குடிபோனது. கதை அம்மா மூலம் வரப்புக்குப் போய்ச் சேர்ந்தது. அப்பா சிரித்தாராம். எங்கள் வண்டியைப் பற்றி அவர் சிரித்த முதல் சிரிப்பு அதுதான். அம்மாவிடம் சொல்லி அனுப்பினார்: "மாப்ளைய மோந்து பாத்துட்டு ஏறச் சொல்லு. கம்பத்துல ஏறுறதுக்கு முன்னாடி நாங்க எத்தினி பாப்போம்!"

டேங்க் வழிகிறது

கலைவாணி பாகூரில் தையல் கடை வைத்திருப்பவர். கிழிந்துபோன ஒரு இறக்கைப் பையைத் தைத்து வாங்க நான் போனபோதுதான் பழக்கம். பையைக் கொடுக்க வயலுக்கு வந்தவர், நின்று பார்த்துவிட்டு, தானும் கற்றுக்கொள்வதாகச் சொன்னார். நூலைப் பார்த்து மிரளாத ஒரே மாணவி அவர்தான். சதீஷ் பாதி நாள் எடுக்கும் சிக்கை அவர் பேசிக்கொண்டே பிரித்துவிடுவார். அவர் கணவர் தினமும் தண்ணீர் பாட்டிலும் கைப்பையும் சுமந்துகொண்டு கூடவே வந்து, வரப்பில் உட்கார்ந்து கும்பிட்டுக்கொண்டிருப்பார்.

முதல்முறை தனியாகப் போகும் நாள் வந்தது. தலைக்கவசத்துக்குள் இருக்கும் ஸ்பீக்கரில் லியோ சொல்வது அவருக்குக் கேட்கும்; அவர் பேசுவது நமக்குக் கேட்காது. ஓடினார், தூக்கியது, போய்விட்டார். கணவரும் கைப்பையோடு பின்னாலேயே ஓடி, மேலே பார்த்தபடி ஓடியதால் வாய்க்காலில் விழுந்து எழுந்தார். கலைவாணி ஏரிப்பக்கம் ஒரு வட்டம் போட்டார். ஊர்ப்பக்கம் வந்ததும் காலை உதைத்துக்கொண்டு கையை நீட்டி நீட்டி ஏதோ கத்துவது தெரிந்தது. லியோ பதறாமல் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி இறக்கினார்.

அருமையாக இறங்கினார். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். வானம் எப்படி இருந்தது, பயமாக இருந்ததா என்று கேட்டேன். அவர் என்னைத் தள்ளிவிட்டு, சேறு சொட்ட நின்ற கணவரைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை: "மோட்டார ஆஃப் பண்ணியான்னு கெளம்பும்போதே கேட்டேன்ல? மொட்ட மாடில டேங்க் நெறஞ்சி தெரு பூரா ஓடுதுய்யா!"

ஒரு ஜோடி செருப்பு

திங்கட்கிழமை டிராக்டர் வருகிறது என்று கோவிந்தசாமி சொல்லிவிட்டார். கடைசி ஞாயிறு. அம்மா வந்து, சாப்பிட்டு, எங்கள் கட்டிலில் படுத்துத் தூங்கிவிட்டார். ஜெனியும் பக்கத்தில் தூங்கினாள். அழைத்துப்போக வந்த அப்பா வழக்கம்போல வரப்பில், இன்ஜினை அணைக்காமல் நின்றார். நான் இந்த முறை கூப்பிடவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கும் அலுத்துவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நேரம் போனது. மொபெட் இரண்டுமுறை இருமி, நின்றுவிட்டது. அப்பா மிதித்துப் பார்த்தார். குலுக்கிப் பார்த்தார். பெட்ரோல் தீர்ந்துபோயிருந்தது. நின்ற இடத்திலேயே நாளெல்லாம் புகைவிட்டால் எந்த டாங்கி தாங்கும்?

அவர் வயலைக் கடந்து நடந்து வந்தார். வண்டிக்கு வெளியே கலைவாணிக்கும் சதீஷுக்கும் இறக்கை விரித்துக்கொண்டிருந்த லியோவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "நம்ம கேன்ல இருக்கறதும் ஆயில் கலந்ததுதான் மாமா, ஒங்க வண்டிக்கு அப்படியே ஊத்தலாம்" என்றார் லியோ. அப்பா கேனை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டுத்தான் தலையசைத்தார். லியோ கேனோடு வரப்புக்கு ஓடினார். அப்பா வெயிலில், எங்கள் வாசல் படிக்கு எதிரே நின்றார். நான் கதவில் நின்றேன். பிறகு அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார். ஜோடியாகப் படியோரம் வைத்தார். ஒரு செருப்பு கொஞ்சம் கோணலாக இருந்ததைக் காலால் நகர்த்திச் சரிசெய்தார். ஏறிவிட்டார்.

கூடையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. எங்கள் வாசலில் ஒரு ஜோடி செருப்பு கிடக்கிறது. அதை நானா எடுத்து உள்ளே வைப்பேன்? பலகையில் உட்காரவைத்தேன். அவர் தூங்குகிற இருவரையும் பார்த்தார், சுவிட்சுப் பெட்டியைத் திறந்து பார்த்தார், "இந்த ஒயர யாரு இழுத்தது?" என்று முகம் சுளித்தார். எனக்கு ஒரே சந்தோஷம். காபி ஆற்றி டம்ளரை அவர் கையில் கொடுத்தேன். அவர் உதட்டருகே கொண்டுபோனார்.

"காத்து மாறிடுச்சு!" என்று வெளியே ஒரு குரல். வரப்பிலிருந்து திரும்பி ஓடிவந்த லியோ, மாமனார் எங்கே என்று யோசிக்காமல், ஒரே தாவலில் டிரைவர் சீட்டில் ஏறிக் கிளப்பினார். நான் கத்தியது இன்ஜின் சத்தத்தில் போய்விட்டது. வயலைச் சுற்றிப் போகும் பாதையில் வண்டி குதித்துக் குதித்துப் போயிற்று. அம்மா எழுந்து இயேசுவைக் கூப்பிட்டார். பாதிக் காபி அப்பாவின் வெள்ளைச் சட்டையில். ஆனால் டம்ளரை அவர் விடவில்லை. மறுகோடியில் வண்டி நின்றதும், மிச்சக் காபியை நிதானமாகக் குடித்து முடித்துவிட்டு எழுந்து கதவுக்குப் போனார். கீழே வெறும் நெல் தாள். செருப்பு இரண்டும் தூரத்தில், பழைய வாசல் இருந்த இடத்தில், வைத்தது வைத்தபடி கிடந்தன.

இனி ஜென்மத்துக்கும் ஏற மாட்டார் என்று நினைத்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. முன்பக்கம் இறங்கி வந்த லியோ, கதவில் வெறுங்காலோடு நின்ற மாமனாரைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். அப்பா காலியான டம்ளரை என்னிடம் நீட்டிவிட்டு அவரைப் பார்த்துச் சொன்னார்: "இன்னா மாப்ள, வூட்ட நவுத்துறதுக்கு முன்னாடி வாசல்ல யாரு செருப்பாவது கெடக்குதான்னு எட்டிப் பாக்கறதில்லையா?"

ஆக, சக்கரம் வைத்த பிழைப்பில் என்னைப்போல மாட்டிக்கொண்டவர்களே, லியோ இப்போதெல்லாம் கிளம்பும் முன் காற்றைப் பார்க்கிறார், பெட்ரோலை மோந்து பார்க்கிறார், கடைசியில் இறங்கிவந்து வாசலையும் ஒருமுறை பார்க்கிறார், ஏனென்றால் செருப்பைக் கூடையில் போட அப்பா ஒருவர் மட்டும் இன்றுவரை சம்மதிக்கவில்லை.